அகாஞா உயர்மறைமாவட்டம்

அகாஞா உயர்மறைமாவட்டம் என்பது மேற்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவை எல்லையாகக் கொண்ட உரோமன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் ஆகும். குவாம், மரியானா தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ள மிகப் பெரிய தீவு. இதன் பரப்பளவு ஏறக்குறைய 540 சதுர கி.மீ. மட்டுமே. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 1.5 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். தீவின் பூர்வகுடிகள் சமோரோ மக்கள் என அழைக்கப்படுகின்றனர்.

சிறிய தீவாக இருந்தாலும் இதன் திருச்சபை வரலாறு நீண்டது. ஸ்பெயின், ஐக்கிய அமெரிக்கா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் ஆட்சியை இத்தீவு கண்டுள்ளது. ஒவ்வோர் ஆட்சி மாற்றத்தின்போதும் குருக்கள் மாறினர், நிர்வாக முறை மாறியது. ஆயினும் 350 ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்க சமயம் தீவு மக்களின் வாழ்க்கையோடு இணைந்து நிற்கிறது. அண்மைக் காலத்தில் இந்த உயர்மறைமாவட்டம் தன் வரலாற்றின் மிகக் கடுமையான நெருக்கடியையும் சந்தித்தது.

பெயர்

அகாஞா என்பது தீவின் தலைநகருக்கு ஸ்பானியர் காலத்தில் வழங்கிய பெயர். சமோரோ மொழி உச்சரிப்பை ஒட்டி 1998இல் நகரின் பெயர் ஹகாட்ஞா என அதிகாரபூர்வமாக மாற்றப்பட்டது. உயர்மறைமாவட்டம் மட்டும் பழைய பெயரையே தொடர்ந்து பயன்படுத்துகிறது. எனவே வரைபடத்தில் ஹகாட்ஞா என்றும் திருச்சபை ஆவணங்களில் அகாஞா என்றும் காணப்படுவது ஒரே ஊர்தான்.

மறைபரப்பின் தொடக்கம்

1521 மார்ச் 6 அன்று மகெல்லனின் கப்பல்கள் இத்தீவுகளை அடைந்தன. 1565இல் லெகாஸ்பி இவற்றை ஸ்பெயின் நாட்டுக்கு உரியவை என அறிவித்தார். அதன்பின் மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குச் செல்லும் ஸ்பானிய வணிகக் கப்பல்கள் குடிநீரும் உணவும் ஏற்றிக்கொள்ள இங்கு நின்று சென்றன. ஆனால் நூறு ஆண்டுகள் வரை நிலையான குடியேற்றமோ மறைபரப்புப் பணியோ நடைபெறவில்லை.

இயேசு சபைக் குருவான தியேகோ லூயிஸ் தெ சான் வித்தோரெஸ் 1662இல் பிலிப்பைன்ஸ் செல்லும் வழியில் இத்தீவைக் கண்டார். இங்கு மறைப்பணி தொடங்க வேண்டும் என்று ஸ்பெயின் அரசவைக்கு விண்ணப்பித்தார். அரசி மரியானா அதற்கு ஆதரவு அளித்தார். அரசியின் பெயராலேயே இத்தீவுகள் மரியானா தீவுகள் எனப்பட்டன. 1668 ஜூன் மாதம் சான் வித்தோரெஸ் தம் துணைக் குருக்களுடனும், பொதுநிலை உதவியாளர்களுடனும், ஒரு சிறு படையுடனும் குவாமில் இறங்கினார்.

ஹகாட்ஞாவின் தலைவர் கெபுஹா அவர்களை வரவேற்று, கோவில் கட்ட நிலம் அளித்தார். 1669 பிப்ரவரி 2 அன்று தீவின் முதல் கோவில் அர்ச்சிக்கப்பட்டது. அதே ஆண்டில் கெபுஹா இறந்தார். அவரது உடல் கோவிலுக்குள் அடக்கம் செய்யப்பட்டது. முன்னோரின் எலும்புகளையும் மண்டையோடுகளையும் வீட்டில் போற்றி வைப்பது சமோரோ வழக்கம். எனவே, தலைவரின் உடலை எங்கு அடக்கம் செய்வது என்பது அன்றைக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

மோதலும் மறைச்சாட்சியமும்

தொடக்கத்தில் இருந்த நல்லுறவு நீடிக்கவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு.

1. முன்னோர் வழிபாட்டுச் சின்னங்களைக் குருக்கள் அழித்தனர். இளைஞர்கள் தங்கும் பொது இல்லங்களையும் ஒழுக்கக் கேடானவை எனக் கூறி எதிர்த்தனர்.
2. உயர்குடியினர், தாழ்குடியினர் என்ற பாகுபாடு சமோரோ சமூகத்தில் இருந்தது. திருமுழுக்கு எல்லாருக்கும் பொது என்றதை உயர்குடியினர் சிலர் ஏற்கவில்லை.
3. சாகும் நிலையில் இருந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அவர்களில் பலர் இறந்ததால், திருமுழுக்கு நீர் நஞ்சு என்ற வதந்தி பரவியது. முன்பே கப்பல் விபத்தில் இங்கு வந்து சேர்ந்திருந்த சோக்கோ என்ற சீனர் இதைப் பரப்பியதாக இயேசு சபையினரின் குறிப்புகள் கூறுகின்றன.
4. குருக்களுடன் வந்த படைவீரர்கள் வன்முறையில் இறங்கினர்.

1672 ஏப்ரல் 2 அன்று துமோன் என்ற ஊரில், மாத்தபாங் என்ற தலைவரின் பெண்குழந்தைக்கு அவரது விருப்பத்திற்கு மாறாகச் சான் வித்தோரெஸ் திருமுழுக்கு அளித்தார். சினமுற்ற மாத்தபாங்கும் ஹிராவோ என்பவரும் சான் வித்தோரெசையும், அவருடன் இருந்த பேத்ரோ கலுங்சோத் என்ற பதின்வயது வேதியரையும் கொன்றனர். கலுங்சோத் பிலிப்பைன்சின் விசாயா பகுதியைச் சேர்ந்தவர். சான் வித்தோரெசுக்கு 1985இல் அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. கலுங்சோத் 2000இல் அருளாளராகவும், 2012 அக்டோபர் 21 அன்று புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

இந்நிகழ்வை இரு கோணங்களில் பார்க்க வேண்டியுள்ளது. திருச்சபையின் பார்வையில் இது மறைச்சாட்சியம். இன்றைய சமோரோ மக்களில் சிலருக்கோ, தன் குடும்பத்தின் மீது தனக்குள்ள உரிமையைக் காக்க முயன்ற ஒரு தந்தையின் எதிர்ப்பாகவும் இது தோன்றுகிறது. இரு தரப்பாரும் ஒரே கோவிலில் வழிபடுகின்றனர் என்பது இத்தீவின் தனித்தன்மை.

இதைத் தொடர்ந்து ஸ்பானியருக்கும் சமோரோ மக்களுக்கும் இடையே நடந்த போர்கள் 1690கள் வரை நீடித்தன. போரைவிட அம்மை முதலிய புதிய நோய்களால் இறந்தோர் மிகுதி. முதலில் எத்தனை பேர் இருந்தனர் என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஆனால் 1710ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பூர்வகுடிகள் 4,000க்கும் குறைவாகவே இருந்தனர். வடக்குத் தீவுகளில் வாழ்ந்தோர் குவாமுக்குக் கொண்டுவரப்பட்டு, கோவிலை நடுவாகக் கொண்ட ஊர்களில் குடியமர்த்தப்பட்டனர். ஊர், பங்கு, பாதுகாவலர் என்ற இன்றைய அமைப்பின் வேர் இந்தக் கட்டாயக் குடியமர்த்தலில்தான் உள்ளது.

ஸ்பானிய ஆட்சியின் பிற்காலம்

ஸ்பெயின் மன்னர் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் இயேசு சபையினரை வெளியேற்றியபோது, 1769இல் குவாமிலிருந்தும் அவர்கள் வெளியேறினர். அவர்களுக்குப் பதிலாக அகுஸ்தீன் ரெக்கோலெத் சபையினர் பொறுப்பேற்றனர். இக்காலத்தில் மரியானா தீவுகள் பிலிப்பைன்சின் செபு மறைமாவட்டத்தின் கீழ் இருந்தன. செபுவிலிருந்து குவாம் 2,000 கி.மீ.க்கும் அதிகத் தொலைவில் உள்ளதால் ஆயரின் நேரடிக் கண்காணிப்பு அரிதாகவே இருந்தது.

1859இல் ஹோசே பாலோமோ குருப்பட்டம் பெற்றார். சமோரோ இனத்திலிருந்து வந்த முதல் குரு இவரே.

அமெரிக்க ஆட்சியும் புதிய நிர்வாகமும்

1898இல் நடந்த ஸ்பெயின்-அமெரிக்கப் போரின்போது குவாம் ஐக்கிய அமெரிக்காவின் வசமாயிற்று. வடக்கு மரியானா தீவுகளை ஸ்பெயின் 1899இல் செருமனிக்கு விற்றுவிட்டது. இவ்வாறு ஒரே மொழி பேசிய, ஒரே சமயத்தைப் பின்பற்றிய மக்கள் இரு நாடுகளின் கீழ்ப் பிரிந்தனர்.

அமெரிக்கக் கடற்படை ஆளுநரான ரிச்சர்டு லீரி 1899இல் ஸ்பானியக் குருக்களைத் தீவை விட்டு வெளியேற்றினார். ஊர்ப் பாதுகாவலர் திருவிழாக்களைப் பொதுவில் கொண்டாடவும் தடை விதித்தார். பாலோமோ மட்டும் தீவில் தங்க அனுமதி பெற்றார். அப்போது அறுபது வயதைத் தாண்டியிருந்த அவர், ஏறக்குறைய தனி ஆளாக ஆயிரக்கணக்கான மக்களின் ஆன்மிகத் தேவைகளைக் கவனித்தார். 1919இல் அவர் காலமானார்.

திருப்பீடம் 1902இல் மரியானா தீவுகளைச் செபுவிலிருந்து பிரித்தது. 1911 மார்ச் 1 அன்று குவாம் அப்போஸ்தலிக்க விகாரியேட் உருவாக்கப்பட்டது. ஓரிடத்தில் முழுமையான மறைமாவட்டம் அமைக்கும் அளவுக்கு உள்ளூர்க் குருக்களும் வசதியும் இல்லாதபோது, திருத்தந்தையின் பெயரால் ஓர் ஆயர் நிர்வகிக்கும் பகுதியே விகாரியேட் எனப்படும். குவாம் விகாரியேட் ஸ்பானியக் கப்புச்சின் சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930களின் இறுதியில் அமெரிக்கக் கப்புச்சின்கள் வரத் தொடங்கினர்.

கடற்படை ஆட்சி பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே அனுமதித்தது. சமோரோ மொழி பேசிய மாணவர்கள் தண்டிக்கப்பட்டனர். இந்நிலையில் அம்மொழி தடையின்றி ஒலித்த இடங்கள் வீடும் கோவிலும்தான். 'தெச்சா' எனப்படும் மன்றாட்டுத் தலைவர்கள், பெரும்பாலும் முதிய பெண்கள், செபமாலையையும் நவநாள் செபங்களையும் சமோரோ மொழியில் நடத்தினர். நீண்ட செபங்களை மனப்பாடமாகச் சொல்லி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தனர். வெளியிலிருந்து வந்த சமயம், உள்ளூர் மொழியின் காவல் அரணாக மாறியது இவ்வாறே.

இரண்டாம் உலகப் போர்

1941 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருவிழா. மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்த காலை வேளையில் ஜப்பானிய விமானங்கள் குவாம் மீது குண்டு வீசின. இரு நாள்களில் தீவு ஜப்பான் வசமாயிற்று. ஆயர் மிகுவேல் ஆஞ்சல் ஒலானோவும் வெளிநாட்டுக் குருக்களும் 1942 ஜனவரியில் ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

தீவில் எஞ்சிய கத்தோலிக்கக் குருக்கள் இருவர் மட்டுமே. ஒருவர் ஹெசூஸ் பாசா துவேஞாஸ், மற்றவர் ஆஸ்கார் கால்வோ. இருவரும் சமோரோ இனத்தவர், இளம் வயதினர். தீவைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு பணி செய்தனர். துவேஞாஸ் தெற்குப் பகுதியில் இனராஹான் ஊரில் தங்கிப் பணியாற்றினார். அவர் ஜப்பானிய அதிகாரிகளுக்குப் பணிய மறுத்தார். காட்டில் மறைந்திருந்த அமெரிக்கக் கடற்படை வீரர் ஜார்ஜ் ட்வீடின் இருப்பிடத்தைக் கூறும்படி அவரைச் சித்திரவதை செய்தனர். 1944 ஜூலை 12 அன்று தாய் என்ற இடத்தில் அவரும் அவருடைய உறவினர் எட்வர்டு துவேஞாசும் கொல்லப்பட்டனர். ஒன்பது நாள்களுக்குப் பிறகு, ஜூலை 21 அன்று, அமெரிக்கப் படைகள் குவாமில் தரையிறங்கின. துவேஞாசின் உடல் பின்னர் இனராஹான் புனித யோசேப்பு கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது.

தீவை மீட்கும் போரில் ஹகாட்ஞா நகரும் பேராலயமும் தரைமட்டமாயின.

மறைமாவட்டம் முதல் உயர்மறைமாவட்டம் வரை

போருக்குப் பின் அமெரிக்கக் கப்புச்சின் சபையைச் சேர்ந்த அப்பொலினாரிஸ் பாம்கார்ட்னர் 1945இல் ஆயரானார். கோவில்களையும் பள்ளிகளையும் மீண்டும் எழுப்பும் பணி இவர் காலத்தில் நடந்தது. 1946இல் வடக்கு மரியானா தீவுகளும் குவாம் விகாரியேட்டுடன் இணைக்கப்பட்டன. அரசியல் எல்லை பிரித்த மக்களைத் திருச்சபை நிர்வாகம் சில பத்தாண்டுகளுக்கு ஒன்றாக வைத்திருந்தது.

1965 அக்டோபர் 14 அன்று விகாரியேட், அகாஞா மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ உயர்மறைமாவட்டத்தின் கீழ் வைக்கப்பட்டது. 1970இல் ஃபெலிக்ஸ்பெர்த்தோ ஃப்ளோரெஸ் ஆயரானார். சமோரோ இனத்தைச் சேர்ந்த முதல் ஆயர் இவர். சான் வித்தோரெஸ் வந்து இறங்கி 302 ஆண்டுகள் கழித்தே இது நிகழ்ந்தது. 1981 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குவாமுக்கு வருகை தந்தார்.

1984 மார்ச் 8 அன்று அகாஞா உயர்மறைமாவட்டமாயிற்று. ஃப்ளோரெஸ் முதல் பேராயரானார். அதே ஆண்டு நவம்பரில் வடக்கு மரியானா தீவுகள் சலான் கனோவா என்ற தனி மறைமாவட்டமாகப் பிரிந்தன. 1985இல் ஃப்ளோரெஸ் காலமானார். 1986இல் கப்புச்சின் சபையைச் சேர்ந்த அந்தோனி அப்பூரோன் பேராயரானார்.

நிர்வாக அமைப்பு

உயர்மறைமாவட்டம் என்பது வெறும் மதிப்புப் பெயர் அன்று. அண்டை மறைமாவட்டங்கள் சில சேர்ந்தது ஒரு மறைமாநிலம். அதன் தலைமை இடமே உயர்மறைமாவட்டம். அகாஞா மறைமாநிலத்தில் அடங்குபவை:

- அகாஞா உயர்மறைமாவட்டம் (குவாம்)
- சலான் கனோவா மறைமாவட்டம் (வடக்கு மரியானா தீவுகள்)
- கரோலின் தீவுகள் மறைமாவட்டம் (மைக்ரோனீசியக் கூட்டாட்சி நாடுகள், பலாவு)
- மார்ஷல் தீவுகள் அப்போஸ்தலிக்க பிரிஃபெக்சர்

பேராயர் மற்ற மறைமாவட்டங்களை நேரடியாக ஆள்வதில்லை. அங்குள்ள ஆயர்கள் தத்தம் பகுதியில் முழு அதிகாரம் உடையவர்கள். நம்பிக்கையும் ஒழுங்கும் பேணப்படுகின்றனவா எனக் கவனித்து, குறை இருந்தால் திருத்தந்தைக்குத் தெரிவிப்பது பேராயரின் கடமை. இப்பொறுப்பின் அடையாளமாகப் 'பாலியம்' எனப்படும் வெண்ணிறக் கம்பளிப் பட்டையை அவர் தோளில் அணிகிறார்.

குவாம் ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. எனினும் இதன் பேராயர் அமெரிக்க ஆயர் பேரவையைச் சேர்ந்தவர் அல்லர். பிஜி, சமோவா, தொங்கா முதலிய தீவு நாடுகளின் ஆயர்களோடு சேர்ந்து பசிபிக் ஆயர் பேரவையில் அங்கம் வகிக்கிறார்.

உயர்மறைமாவட்டத்திற்குள் பேராயருக்கு அடுத்த நிலையில் முதன்மைக் குரு உள்ளார். ஆவணங்களைப் பேணச் செயலரும், ஆலோசனை கூறக் குருக்கள் மன்றமும், வரவு செலவைக் கவனிக்க நிதிக் குழுவும் உள்ளன. தீவு முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட பங்குகள் உள்ளன. ஒவ்வொரு பங்கையும் ஒரு பங்குக் குரு வழிநடத்துகிறார்.

தலைநகரில் உள்ள மரியாவின் இனிய திருப்பெயர் பேராலயமே முதன்மைக் கோவில். 1669இல் முதல் கோவில் இருந்த இடத்திலேயே, போருக்குப் பின் 1950களில் இன்றைய கட்டடம் எழுப்பப்பட்டது. இது இளம் பெருங்கோவில் என்ற தகுதியும் பெற்றது.

கல்விப் பணியில் துவேஞாசின் நினைவாக 1948இல் தொடங்கப்பட்ட ஆண்கள் உயர்நிலைப் பள்ளியும், 1949இல் தொடங்கப்பட்ட குவாம் அன்னை பெண்கள் பள்ளியும் குறிப்பிடத்தக்கவை. இரக்கத்தின் சகோதரிகள் சபையினரும் நோத்ர தாம் சபைச் சகோதரிகளும் கல்வித் துறையில் பெரும் பங்காற்றினர். தீவின் கத்தோலிக்க இதழுக்கு 'உமாதுனா சி யூஸ்' என்ற சமோரோ மொழிப் பெயர் வழங்கியது. இறைவனைப் போற்றுவோம் என்ற கருத்துடையது இப்பெயர்.

மக்கள் வழிபாடு

தீவின் பாதுகாவலி கமாலென் அன்னை. பேராலயத்தின் பீடத்திற்கு மேல் உள்ள இவருடைய சிறிய மரச் சிலை தெற்கே மலெஸ்ஸோ கடலில் ஒரு மீனவருக்குக் கிடைத்தது என்பது மரபுக் கதை. இரு நண்டுகள் தம் கொடுக்குகளில் மெழுகுவர்த்தி ஏந்தி அச்சிலையைக் காத்து வந்தன என்றும் கூறுவர். டிசம்பர் 8 அன்று ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் பவனி தலைநகர் வீதிகளில் நடைபெறுகிறது. 1941இல் குண்டு விழுந்த நாளும் அதுவே என்பதால், பவனியில் போர்க்கால நினைவும் கலந்துள்ளது.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. உமாத்தாக் ஊருக்குப் புனித தியோனிசியு, மலெஸ்ஸோவுக்குப் புனித திஸ்மாஸ், மங்கிலாவோவுக்குப் புனித தெரேசித்தா. பாதுகாவலர் திருவிழாவன்று ஊரார் அனைவரும் விருந்து வைப்பர். ஒருவர் இறந்தால் ஒன்பது நாள்கள் உறவினரும் அயலாரும் கூடிச் செபமாலை சொல்வர். சமோரோ மக்களை அடுத்துப் பெரிய சமூகமான பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரும், மைக்ரோனீசியத் தீவுகளிலிருந்து குடியேறியோரும் இன்று பங்குகளில் கலந்துள்ளனர்.

அண்மைக்கால நெருக்கடி

2016இல், பல ஆண்டுகளுக்கு முன் சிறுவர்களாகப் பீடப்பணி செய்த சிலர், பேராயர் அப்பூரோன் தங்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகப் பொதுவில் கூறினர். அவர் அதை மறுத்தார். அதே ஆண்டு ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ், பேராயர் சாவியோ ஹோன் தாய்-ஃபாயைத் தற்காலிக நிர்வாகியாக அனுப்பினார். அக்டோபரில் மைக்கேல் பெர்ன்ஸ் வாரிசுரிமையுடைய இணைப் பேராயராக நியமிக்கப்பட்டார்.

சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கு இழப்பீடு கோரும் வழக்குகளுக்கு இருந்த காலவரம்பைக் குவாம் சட்டமன்றம் 2016 செப்டம்பரில் நீக்கியது. இதனால் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றியும் வழக்குத் தொடர முடிந்தது. குருக்கள் பலர் மீதும் திருச்சபையோடு தொடர்புடைய பிறர் மீதும் இருநூறுக்கும் மேற்பட்டோர் முறையிட்டனர்.

வத்திக்கான் நீதிமன்றம் 2018 மார்ச்சில் அப்பூரோன் மீதான குற்றச்சாட்டுகளில் சிலவற்றை மெய்யெனக் கண்டு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு உறுதியானதாக 2019 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அவர் பதவி இழந்தார். உயர்மறைமாவட்ட எல்லைக்குள் வசிக்கவும், ஆயருக்குரிய சின்னங்களை அணியவும் தடை விதிக்கப்பட்டது.

2019 ஜனவரியில் உயர்மறைமாவட்டம் நொடிப்பு நிலைப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. இதன் பொருள் கடனைத் தள்ளிவிடுவது அன்று. சொத்துகளை நீதிமன்றக் கண்காணிப்பில் கணக்கிட்டு, முறையிட்ட அனைவருக்கும் ஒரே திட்டத்தின் கீழ் இழப்பீடு வழங்குவதாகும். பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் உரிய நிலங்கள் உயர்மறைமாவட்டத்தின் சொத்தா, அந்தந்த ஊர் மக்களின் சொத்தா என்ற கேள்வி அப்போது எழுந்தது. தலைமுறை தலைமுறையாக ஊரார் காசு சேர்த்துக் கட்டிய கோவில் அல்லவா? மறுபுறம், சிறு வயதில் பாதிக்கப்பட்டு நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாய் திறக்க முடியாமல் இருந்தவர்களுக்கு நீதி கிடைக்க வேண்டும். இரண்டும் நியாயமான கோரிக்கைகளே. 2022இல் இழப்பீட்டுத் திட்டத்தை நீதிமன்றம் ஏற்றது.

உடல்நலக் காரணத்தால் பெர்ன்ஸ் 2023 மார்ச்சில் பதவி விலகினார். சலான் கனோவா ஆயராக இருந்த ரயன் ஹிமேனெஸ் 2024 ஜூலையில் பேராயராக நியமிக்கப்பட்டு, ஆகஸ்டு 15 அன்று பொறுப்பேற்றார். இவர் பிலிப்பைன்சில் பிறந்தவர்.

தலைமை ஏற்ற ஆயர்களும் பேராயர்களும் (1934 முதல்)

- மிகுவேல் ஆஞ்சல் ஒலானோ: 1934-1945
- அப்பொலினாரிஸ் பாம்கார்ட்னர்: 1945-1970
- ஃபெலிக்ஸ்பெர்த்தோ ஃப்ளோரெஸ்: 1970-1985 (1984 முதல் பேராயர்)
- அந்தோனி அப்பூரோன்: 1986-2019 (2016 முதல் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்)
- மைக்கேல் பெர்ன்ஸ்: 2019-2023
- ரயன் ஹிமேனெஸ்: 2024 முதல்